கூட யார் வந்திருக்காங்க?

ஜனவரி 17

அண்ணிக்கு,

பதில் போடமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முகவரி எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் யோசிப்பீர்கள். உங்கள் பீரோவை ஏற்றிப்போன வண்டிக்காரர் எங்கள் ஹார்டுவேர் கடைக்குத் தாழ்ப்பாள் வாங்க வந்தார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். அண்ணனுக்குத் தெரியாது. அவன் கேட்கவும் இல்லை.

விஷயம் இதுதான். கடைக்கு எதிர் மைதானத்தில் மறுபடியும் அந்த வேன் வந்து நிற்கிறது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் படம் எடுப்பார்களே, அதே வேன். புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், படிக்கட்டு மட்டும் அதே ஆட்டம். நேற்று நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ் பல்பு வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "எங்கம்மா உங்க அண்ணி? எல்லாரையும் சிரிக்க வைப்பாங்களே?" வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அம்மா அந்த வியாதியில் போன பிறகு வருஷா வருஷம் நாம் இருவரும் சேர்ந்துதான் போனோம். எனக்குத் துணையாக வந்து, வந்ததுக்கு நானும் எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்களும் உள்ளே போவீர்கள். வெளியே வரும்போது, மெஷினுக்கு உங்கள் மேல் போன ஜென்மத்துப் பகை இருக்கிறது, இல்லாவிட்டால் இப்படி நசுக்குமா என்று வரிசையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வீர்கள். அழுத முகத்தோடு வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே எடுத்துக்கொண்டீர்களா? இதைக் கேட்கத்தான் எழுதினேன், வேறு ஒன்றும் இல்லை. ஒரு வரி போட்டால் போதும்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 29

ஒரு வரி போதும் என்றாய். எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வரி முடிந்தது.

தபால் தலைக்குக் காசு கொடுத்தாயிற்று, தாளும் மீதி இருக்கிறது, அதனால் மேலே எழுதுகிறேன். என்னை அண்ணி என்று கூப்பிடாதே. அந்த நாற்காலியில் இப்போது வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. உன் அண்ணன் கல்யாணத்தில் நீ முன்வரிசையில் நின்று சிரித்தாய் என்பதும் தெரியும். எதிர்வீட்டு டீச்சர் போட்டோவே அனுப்பிவைத்தாள், நல்ல மனசு அவளுக்கு. உன் பல் மொத்தமும் தெரிகிறது.

உன் அம்மாவுக்கு வந்தது உங்கள் ரத்தத்தில் இருப்பது. பயப்பட வேண்டியவள் நீ. நான் வேறு வீட்டுப் பெண். அந்த வீட்டில் இருந்தவரை உங்கள் வீட்டு வியாதிக்கும் சேர்த்துப் பயந்தேன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேனே, அந்தப் பயத்தையும் அதோடு கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. இருக்கிற அறை மாடியில், கீழே சைக்கிள் பழுதுபார்க்கிறார்கள். சனிக்கிழமை சாயந்திரம் வாயை மூடினால் திங்கட்கிழமை காலையில் கடையில்தான் திறக்கிறேன். முதல் வார்த்தை கரகரவென்று வருகிறது, சளியா என்று கேட்கிறார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

போன் எண் கேட்டு எழுதாதே. போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். தாளில் எழுது. அழுதாலும் எனக்குக் கேட்காது.


பிப்ரவரி 8

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மேலே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் அவனும் இல்லை, நீங்களும் இல்லை என்று ஆகியிருக்கும். உங்களிடம் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். தைரியம் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒன்று. புதிதாக வந்தவரை நான் இன்றுவரை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவரும் பாவம், தன்னைத்தான் கூப்பிடுகிறேனா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ரத்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மறுபடி நர்ஸ் வந்தபோது கேட்டேன். குடும்ப வழியாக வருவது கொஞ்சம் பேருக்குத்தானாம். இந்த வியாதி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீட்டில் வேறு யாருக்குமே இருந்ததில்லையாம். கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு போவதற்கு இது இல்லை, ஒன்றும் இல்லாதபோதே போவதற்குத்தான் என்றும் சொன்னார். வேறு வீட்டுப் பெண் என்று நீங்கள் எழுதினால் எனக்குக் கோபம் வரும், வியாதிக்கு வராது. தயவுசெய்து போய்விட்டு வாருங்கள்.


பிப்ரவரி 20

ஊமைக்கோட்டானுக்கு,

நீ விட்டிருந்த இடத்தை நிரப்பிக்கொண்டேன். என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன்.

பயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியது வீம்புக்கு. போன வருஷம் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனேன். கடையில் அரை நாள் லீவு வாங்கி, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். அம்மாவும் மகளும், அக்காவும் தங்கையும். ஒருத்தி புருஷனோடு வந்திருந்தாள், அவன் அவள் செருப்பைக்கூடக் காவல் காத்துக்கொண்டிருந்தான். கவுன்டரில் இருந்த பெண் பேரெல்லாம் எழுதிக்கொண்டு, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான். யாருமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வண்டி நிறுத்திட்டு வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு என்ன செய்வது? இல்லாத வண்டியை இல்லாத ஆள் எவ்வளவு நேரம் நிறுத்துவான்? அந்தப் பெண் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கும்போதெல்லாம் நானும் வாசலைப் பார்த்தேன். கடைசியில், என்ன ஆச்சென்று பார்க்கிறவள் மாதிரி எழுந்து வெளியே வந்து, அப்படியே நடந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த தெருவில் அவளைப் பார்த்தால்கூட இன்றைக்கும் திரும்பி நடப்பேன்.

சிரித்தாயா? நானும் அப்புறம் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. உன் அண்ணனைப் பிரிந்ததற்கு நான் அழுததைவிட அன்று பஸ்ஸில் அழுதது அதிகம்.

அது போகட்டும். என்னைப் போனாயா போனாயா என்று கேட்கிறாய். வேன் கடைக்கு எதிரிலேயே நிற்கிறது. நர்ஸ் வந்தார், பல்பு வாங்கினார் எல்லாம் எழுதுகிறாய். உன்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லையே. நீ படம் எடுத்துக்கொண்டாயா?


மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டி நிறுத்துகிறவரை நினைத்துச் சிரித்தேன், பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறவள் வீட்டில் குழாய் ஒழுகுவதா என்று பிளம்பர் கேலி செய்துவிட்டுப் போனார், சரிசெய்துவிட்டுப் போகவில்லை. முதலாளி புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அதில் ஆணி என்று போட்டால் ஏணி விலை வருகிறது, திட்டு எனக்கு. மேல்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அது அழுதால் எனக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அந்தப் பெண் வந்து மன்னிப்புக் கேட்டாள். அழட்டும் விடுங்கள், வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் மேசை விசிறியைப் பழுது பார்த்துவிட்டேன், இப்போது சுற்றுகிறது, ஆனால் தலையை ஆட்டுவதில்லை. மழை இல்லை. வேன் போன வாரம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது, ஏப்ரலில் திரும்ப வருமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 11

குழாய், ஏணி, குழந்தை, விசிறி எல்லாம் நலம் என்று தெரிந்துகொண்டேன்.

நீ போனாயா இல்லையா?


மார்ச் 18

போகவில்லை.

இந்த வருஷமும் போகவில்லை, போன வருஷமும் போகவில்லை. நீங்கள் வீட்டைவிட்டுப் போன பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. வேன் படிக்கட்டுவரை போனேன். உள்ளே ஒரு பெண் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது திரை இடுக்கில் தெரிந்தது. திரும்பி வந்து பில் போட்டேன்.

கூச்சம் என்று நினைக்காதீர்கள். கூச்சமும்தான். முதலாளியிடம் எந்த வார்த்தையைச் சொல்லி லீவு கேட்பது? போன வருஷம் பல்வலி என்று சொன்னேன். அவர் தன் பல் டாக்டருக்கே போன் போட்டு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டார். போய் நல்ல பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். முன்னெல்லாம் நீங்கள் கடைக்கு வந்து, "இவளை ரெண்டு மணி நேரம் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் அவர் ஏன் என்று கேட்டதே இல்லை. மெஷின் வலிக்கும் என்பதும் இல்லை. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பயம் வேறு. கண்டுபிடித்துவிட்டால்? அதற்குப் பிறகு? அம்மாவுக்கு வந்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் குளிப்பாட்டியது நீங்கள், புண்ணுக்குத் துணி மாற்றியது நீங்கள், ராத்திரியெல்லாம் விழித்திருந்தது நீங்கள். பெற்ற மகள் நான் அந்த அறைக்குள் காலை வைக்கவில்லை. சமையலறையில் நின்று பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தால் யார் செய்வார்கள்? அண்ணனா? "இந்தாங்க" வந்து செய்வாரா? படம் எடுக்காதவரை நான் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். எடுத்து, இருக்கிறது என்று சொல்லிவிட்டால், வியாதியோடு தனியாக இருக்கும் பெண். அதற்கு இது மேல் இல்லையா?

உங்களைக் கேட்டுக் கேட்டு எழுதியது எதற்கென்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் போனேன் என்று எழுதினால், தனியாகவும் போகலாம் போலிருக்கிறது என்று நம்பியிருப்பேன். நீங்களே பஸ் ஏறித் திரும்பி வந்தவர் என்றால் நான் எம்மாத்திரம்?


மார்ச் 27

அட அசடே,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பிறகு தேய்த்த லென்ஸ் ஒன்று உடைந்தது.

உன் அம்மா கட்டியை எத்தனை காலம் மறைத்தார்கள் என்று உனக்குத் தெரியாது. நான் உன்னிடமும் உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர்கள் கை தூக்க முடியாமல் சட்டை மாட்டிவிட என்னைக் கூப்பிட்ட அன்றுதான் நான் பார்த்தேன், அதற்குள் நன்றாக முற்றிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா யாரு பாக்குறது? எல்லாரும் வேலைக்குப் போறீங்க" என்றார்கள். நீ எழுதியதையேதான் சொன்னார்கள். வியாதி ரத்தத்தில் வருகிறதோ இல்லையோ, இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் ரத்தத்தில் வருகிறது.

யார் பார்ப்பார்கள் என்று மறைத்ததால்தான் அவ்வளவு பார்க்க வேண்டி வந்தது. சீக்கிரம் போயிருந்தால் சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்கலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை இத்தனை வருஷம் நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீயும் வைத்துக்கொள். கனமாகத்தான் இருக்கும்.

சரி, ஒரு பேரம். ஏப்ரலில் வேன் வரும் அல்லவா? நீ ஏறு. நான் இங்கே போகிறேன், அந்தக் கவுன்டர் பெண் முகத்திலேயே விழிக்கிறேன். முதலாளியிடம் ஆஸ்பத்திரி வேலை என்று மட்டும் சொல். அதற்குமேல் கேட்டால் பெண்கள் சமாச்சாரம் என்று சொல், ஆண்பிள்ளை எவனும் அதற்குமேல் கேட்கமாட்டான். உனக்கு ஏதாவது என்றால் நான் வருவேன். எந்த முறையில் என்று கேட்காதே, வருவேன்.


ஏப்ரல் 16

அண்ணிக்கு, (இனிமேல் இப்படித்தான் எழுதுவேன், பிடிக்காவிட்டால் அடித்துக்கொள்ளுங்கள்)

ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரி வேலை என்று சொன்னதும் முதலாளி, "பல்லா?" என்றார். பெண்கள் சமாச்சாரம் என்றேன். காதுவரை சிவந்து, நாளைக்கும் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்.

உள்ளே இருப்பது ஆணாக இருந்தால் இறங்கிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். ஒரு சின்னப் பெண்தான். கை சில்லென்று இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். மெஷின் அதே மெஷின், அதே பகை. மூச்சைப் பிடி என்றாள், பிடித்தேன், விடு என்று சொன்ன பிறகும் விடாமல் நின்றிருக்கிறேன். வெளியே வந்ததும் படிக்கட்டில் ஒரு அம்மா என்னை மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். நானாகப் போய் ஒருவரிடம் பேசினேன், தெரியுமா?

இன்று காலையில் முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் வந்தால் போதுமாம். மேல்வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன்.

நீங்கள் போனீர்களா? உங்கள் முறை.


ஏப்ரல் 26

ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு உயிர் வந்தது. நிஜமாகவே சொல்கிறேன், இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சேதி அது ஒன்றுதான். அதைக் கெடுக்க மனமில்லாமல் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

நான் நீ போவதற்கு முந்தின வாரமே போய்விட்டேன். மறுபடி வரச் சொன்னார்கள். படம் சரியாக விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டாவது படமும் எடுத்து, ஸ்கேனும் எடுத்து, ஊசி போட்டுக் கொஞ்சம் சதையும் எடுத்தார்கள். இடது பக்கம். கையால் தடவிப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு சின்னது. அவர்கள் முகத்தைப் பார்த்தால் வெறும் சந்தேகம் மாதிரி இல்லை, அதுதான் என்று தெரிந்தே இருக்கிறார்கள்.

டாக்டர் சின்ன வயசு. எல்லாம் கேட்டு கம்ப்யூட்டரில் போட்டார். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கிறதா என்று கேட்டார். என் மாமியாருக்கு என்று சொன்னேன்.

"அது கணக்குல வராதும்மா" என்றார்.

"அந்தப் புண்ணை இந்தக் கையாலதான் துடைச்சேன். அது எப்படி சார் கணக்குல வராமப் போகும்?" என்று கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஊசிக்கு அழவில்லை, இதற்கு அழுதேன்.

மே 9, வியாழக்கிழமை, முடிவு சொல்வார்கள். கூட ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். யாருமில்லை என்று நேராகவே சொன்னேன். சொல்லிவிட்டால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்தக் கவுன்டர் பெண், "பரவாயில்ல ஆன்ட்டி, நான் இருக்கேன்" என்றாள். நல்ல பெண்தான், நான்தான் ஒரு வருஷமாக அவளுக்குப் பயந்து தெரு மாறி நடந்திருக்கிறேன்.

உன்னை வரவழைக்க இதை எழுதவில்லை. நீ மறைத்தால் திட்டினேனே, நான் மறைக்கக் கூடாது என்றுதான். நீ வராதே. பெற்ற தாய் இருந்த அறைக்குள்ளேயே நுழையாதவள் நீ. இங்கே வந்து ஆஸ்பத்திரி வாசனைக்கு மயங்கி விழுந்தால் உன்னையும் நான்தான் தூக்க வேண்டும். உனக்கு வேலை இருக்கிறது. எனக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்கிறேன்.


ஏப்ரல் 30

அண்ணி,

சொல்லமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

கடிதத்தைக் கடையில்தான் பிரித்தேன். படித்து முடித்ததும் முதலாளியிடம் போனேன். திருகாணி வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். பல்லும் இல்லை, பெண்கள் சமாச்சாரமும் இல்லை. "என் அண்ணிக்கு மார்புல கட்டி. புத்துநோயா இருக்கும்னு சொல்றாங்க. அவங்களுக்கு யாரும் இல்ல, நான் போகணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்ததென்று தெரியவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். வேலை இருக்கும், போய்விட்டு வா என்றார். வேலை இல்லை என்று சொல்லியிருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. புண்ணைப் பார்த்தால் தலை சுற்றும். துணி மாற்றத் தெரியாது. ராத்திரி விழித்திருந்து பழக்கமில்லை. எல்லாம் நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும், திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுங்கள். மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரியிலேயே விழுகிறேன், அங்கே தூக்க ஆள் இருக்கிறார்கள்.

குழாயை அடைத்துவிட்டேன். சாவியை மேல்வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கப்போகிறேன். மே 5 காலை பஸ். வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும், அது பூட்டிய வீட்டுக்குத்தான் வந்து சேரும்.